வரலாமா என்று கேட்கும் உறவுகளுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு மடல்

ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பாரிஸ் லா சப்பல் பக்கத்திலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் இருக்கும் அண்ணன்மார், அக்காமார், மச்சான் மச்சாள்மார், மருமக்கள் எல்லோருக்கும், இந்த மடல் கையில் கிடைக்கும் மற்ற வீட்டாருக்கும்,



பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வரத் தொடங்கினால் உங்களிடமிருந்து எங்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான். “இப்ப அங்கை நிலைமை எப்படி? பிள்ளையளோட வரலாமோ?” நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருகிறவர்களும் கேட்கிறீர்கள், தம்பியின் கலியாணத்துக்கு வருகிறவர்களும் கேட்கிறீர்கள், காணி உறுதியில் கையெழுத்து வைக்க ஒரு கிழமை வந்து போகிறவர்களும் கேட்கிறீர்கள். நான் பிறந்தது கொட்டாஞ்சேனை, கலியாணம் செய்து வந்தது வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறும் முன் நீங்கள் பெட்டிகளை இறக்கி வைத்துக் குளித்துச் சாப்பிடும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதனால் கேள்வி எனக்கு வருகிறது. காலி வீதியின் இரண்டு பக்க ஒழுங்கைகளிலும், ஜம்பட்டா வீதியிலும், பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளிலும் இருக்கும் இன்னும் பலருக்கும் இதே கேள்வி வருகிறது.

எங்கள் பதிலும் ஒன்றுதான். “ஒரு பிரச்சினையும் இல்லை, வாங்கோ.” அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நாங்கள் பொய் சொல்கிறோம் என்றில்லை. உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் வரலாமா என்று கேட்கிறீர்கள், அவ்வளவுதான். பக்கத்து அறையில் பெரியம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது “இந்த முறை வேண்டாம்” என்று எந்த மகளால் போனில் சொல்ல முடியும்? அதோடு எங்களுக்குப் பழகிவிட்டது. சோதனைச்சாவடிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போய், ஊரடங்கு நேரம் பார்த்துக் கலியாணம் வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். எது பிரச்சினை, எது அன்றாடம் என்று எங்கள் மனம் போட்டு வைத்திருக்கும் கோடு உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. மற்றது, எங்களுக்குத் தெரிந்தது எங்கள் ஒழுங்கையும் சந்தையும் கோயிலும். தெகிவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை நாங்களும் உங்களைப் போல போனில்தான் பார்க்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் எந்த ஆண்டு கேட்டாலும் “இந்த முறை வேண்டாம்” என்று சொல்லும் ஒரு சித்தப்பா இருப்பார். ஏதாவது நடந்தால் “நீதானே வரச் சொன்னாய்” என்ற பேச்சு தன் தலையில் விழக்கூடாது என்ற பயம் அவருக்கு. அவருடைய “வேண்டாம்” என்னுடைய “வாங்கோ”வை விட நம்பகமானது என்று நினைக்காதீர்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. முதல் நாள் சனிக்கிழமை நீங்கள் கேட்டிருந்தால் கொட்டாஞ்சேனையில் ஒருவர் பாக்கியில்லாமல் “பிரச்சினையில்லை” என்றுதான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலை எட்டே முக்கால் மணியளவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்தப் போகும் கோயில் அது. நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டித் தேவாலயம், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்கள் என்று அந்தக் காலையே போய்விட்டது. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர். பலர் விடுமுறைக்குக் குடும்பமாக வந்து, ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியவர்கள்.

யாருக்குமே தெரியாமல் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. இந்தியப் புலனாய்வுத் துறை ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரித்திருந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்று ஏப்ரல் 11ஆம் திகதி பொலிஸ் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் சுற்றுக்கு விடப்பட்டது. அது மேசையிலிருந்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தபோதுதான் இதெல்லாம் தீர்ப்பின் எழுத்தாகப் பதிவானது. எச்சரிக்கை இருந்தது, பூசைக்குப் போனவர்களுக்கும் டிக்கெட் எடுத்தவர்களுக்கும் அது வரவில்லை.

வெளிநாட்டு அமைச்சுகளின் அறிவுறுத்தல் வெடித்த பிறகு வந்தது. அத்தியாவசியமானால் ஒழிய இலங்கைக்குப் போகவேண்டாம் என்று பிரித்தானியா ஏப்ரல் 25ஆம் திகதி சொல்லி, ஜூன் 6ஆம் திகதி அதைத் தளர்த்தியது. அந்த மே மாதம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 37,802 பேர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் 129,466 பேர். உங்களில் பலரும் அந்தக் கோடையில் டிக்கெட்டை மாற்றினீர்கள். சரியாகத்தான் செய்தீர்கள். ஆனால் ஆபத்து மிகக் கூடிய அந்த ஞாயிறு காலையில் எந்த அறிவுறுத்தலும் யாரையும் தடுக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அறிவுறுத்தல் நேற்று நடந்ததை வைத்துத்தான் எழுதப்படுகிறது.

அந்தக் கிழமை நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 24ஆம் திகதி இங்கே சவோய் தியேட்டருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் மேல் சந்தேகம் வந்து பொலிஸார் தாங்களே அதை வெடிக்க வைத்தார்கள். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் திரும்பவும் குண்டு என்று உங்கள் வீடுகளில் அழுகை. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கி வைத்திருந்ததால் “அது வெறும் மோட்டார் சைக்கிள்” என்ற ஒரு வரியை உங்களுக்கு அனுப்ப வழியில்லாமல் நாங்கள் இருந்தோம். இன்றைக்கும் உங்கள் வீட்டில் பலரிடம் எங்கள் வீட்டு லேண்ட்லைன் இலக்கம் இல்லை. வருகிறீர்களோ இல்லையோ, அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம், அந்தக் குண்டுகளின் எதிரொலியாக, மே 13ஆம் திகதியை ஒட்டி, குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மினுவாங்கொடை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எட்டின தூரம். அந்த நாட்களில் வெள்ளவத்தைத் தமிழர் ஒருவர் தைரியமாக விமான நிலையம் போய் வந்திருக்கலாம். எங்கள் தொடர்மாடியில் கீழ்த்தளத்தில் இருந்த முஸ்லிம் குடும்பம் நோன்பு மாதத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தது. நாடு ஒன்று, வீதி ஒன்று, கிழமையும் ஒன்று. பாதுகாப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இந்தப் பாடம் எங்களுக்குப் புதிது இல்லையே.

2007 ஜூன் 7, விடியப்புறம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்ஸில் ஏற்றினார்கள். 376 பேர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பது அவர்கள் சொன்ன விளக்கம். லொட்ஜில் யார் இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர், தூதரக நேர்முகத்துக்கு வந்தவர், பெரியாஸ்பத்திரியில் கிளினிக் திகதி எடுத்தவர், கனடாவிலிருந்து வரும் மகனைக் காண வவுனியாவிலிருந்து வந்து இரண்டு கிழமை அறை எடுத்த தாய் தகப்பன். பெரும்பாலானவர்களை வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போய், மறுநாளே இடைக்காலத் தடை வாங்கியது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க கவலை தெரிவித்தார். சிலரைத் திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஜூன் மாதம் தெற்குக் கடற்கரை ஹோட்டலில் ஒரு ஜெர்மன் குடும்பம் நீச்சல் குளத்தில் நின்றிருக்கும். அவர்களுக்கும் உங்களுக்கும் நாடு ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நீங்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்தும் எங்கள் வீட்டில் தங்க பொலிஸில் பதிய வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு அமைச்சின் அறிவுறுத்தல் கடவுச்சீட்டின் மேலட்டையைப் பார்த்து எழுதப்படுகிறது. இங்கே சாவடியில் நின்றவர் உள்ளே விரித்து, பெயரையும் ‘பிறந்த இடம்: பருத்தித்துறை’ என்ற வரியையும் வாசித்தார். ஆகவே எந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவுறுத்தலை எடுத்தாலும், அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பை பற்றி எச்சரித்தது நினைவிருக்கும். இஸ்ரேலும் தன் மக்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. அன்றிரவே எனக்கு மூன்று நாட்டிலிருந்து அழைப்பு. அறுகம்பை கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். எச்சரிக்கை அங்கே அலைச்சறுக்கு விளையாட வரும் ஒரு கூட்டத்தாரைக் குறித்தது. வெள்ளவத்தை மாமி வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் செய்தியை முழுதாக வாசித்திருந்தால் எனக்கு போன் எடுத்திருக்கத் தேவையில்லை. அதே நேரம், எந்த அறிவுறுத்தலும் உரத்துச் சொல்லாத, உங்களில் சிலருக்கு மட்டும் உரிய யோசனைகள் உண்டு.

அவற்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் இன்னும் எங்கள் மேல் இருக்கிறது. 2014இல் 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் தடைப்பட்டியலில் போட்டார்கள். 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளையும் 316 பேரையும் எடுத்தார்கள். பட்டியல் இப்படி ஏறி இறங்கும் ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வந்து, தேர் பார்த்து, பனங்கிழங்கு கட்டிக்கொண்டு ஒரு கேள்வியும் இல்லாமல் திரும்பிப் போகிறீர்கள். அதுதான் பொதுவான கதை. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் மாவீரர் நாள் மேடையில் பேசுகிறவராக இருந்தால், அல்லது அவர் பெயரில் ஓர் அமைப்பின் வங்கிக் கணக்கு இருந்தால், அவருடைய கணக்கு மற்ற நான்கு பேரின் கணக்கு இல்லை. மனைவி பிள்ளைகள் வந்து போகட்டும், அவரை ஏன் கூட்டி வரவேண்டும்? அவர் ஊரிலுள்ள ஒரு சட்டத்தரணியிடம் முதலில் கேட்கட்டும். என்னிடம் கேட்டு என்ன பயன்?

இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கும் ஒரு சொல். கொழும்பில் இறங்கி இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டினால், சிக்கல் வரும்போது உங்கள் மற்ற நாட்டுத் தூதரகம் பொதுவாகக் கையை விரிக்கும். தன் மற்ற நாட்டுக்குள் நிற்கும் இரட்டைக் குடியுரிமைக்காரருக்குத் தங்களால் அதிகம் செய்ய முடியாது என்று பிரித்தானியா எழுதியே வைத்திருக்கிறது. இன்னும் குடியுரிமை கிடைக்காத, அகதியாக ஏற்கப்பட்ட தம்பிமார் இந்த ஆசையையே கொஞ்ச நாள் தள்ளி வைக்க வேண்டும். தப்பி ஓடிய நாட்டுக்கே விடுமுறைக்குப் போனார் என்பதைக் காரணமாக வைத்து அகதி நிலையைப் பறிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கனடாவில் 2012 இறுதியிலிருந்து அதோடு நிரந்தர வதிவுரிமையும் போகலாம். இங்கே உயிருக்கு ஆபத்தில்லை என்பது அந்தத் தம்பிக்குப் போதுமான பதில் இல்லை.

2022ஐப் பற்றிக் கேட்டால் எங்களுக்கு வேறு மாதிரிச் சிரிப்பு வரும். நீங்கள் தொலைக்காட்சியில் தீயைப் பார்த்துப் பயந்தீர்கள். எங்களை வாட்டியது அது இல்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை உயர்த்தியது. மே 9ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக்காரர் மேல் ஆட்களை ஏவி அடித்தார்கள். அன்றே மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். நாடு முழுக்க ஊரடங்கு. ஜூலை 9ஆம் திகதி காலியிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் ஏறின சனம் எங்கள் கடற்கரைத் தண்டவாளத்தால்தான் கோட்டைக்குப் போனது. அன்று ஜனாதிபதி மாளிகை மக்கள் கையில். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டுப் போய்விட்டார். இவ்வளவுக்கும் நடுவே வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் காலிமுகத்திடலில் கோட்டாகோகம போராட்ட முகாமில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு தமிழருக்கும் தமிழர் என்ற காரணத்துக்காக அந்த மாதங்களில் ஒரு கல்லும் விழவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியிருந்தும் அந்த ஜூனில் கேட்டவர்களுக்கு “வரவேண்டாம்” என்று எங்களில் பலர் சொன்னோம். பெற்றோல் இல்லை. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். சமையல் காஸ் சிலிண்டருக்கு விடியப்புறம் வரிசை. பால்மா இல்லை. மருந்துக் கடையில் பெரியம்மாவின் குளிசை ஒரு கடையில் இருந்தால் பத்து கடையில் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு எரிபொருளைத் தனியாக ஒதுக்க அரசாங்கம் வழி பார்த்தது. அது ஹோட்டலில் தங்கி, ஏஜென்சி வானில் போகிறவர்களுக்கு உதவும். நீங்கள் வருவது மச்சானின் வானில். மச்சானே மூன்று நாள் வரிசையில் நிற்கிறான். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமென்றால் ஆட்டோ கிடைக்குமா என்பதுதான் அந்த மாதத்தின் பாதுகாப்புக் கேள்வி. ஓகஸ்ட் தொடக்கத்தில் நல்லூரில் கொடி ஏறிய வேளை எரிபொருளுக்கான கியூ.ஆர். அட்டை நடைமுறைக்கு வந்து வரிசை சுருங்கத் தொடங்கியிருந்தது. ஆறு கிழமையில் பதில் மாறிவிட்டது. ஜூனில் கேட்டவர்கள் வரவில்லை, ஜூலைக் கடைசியில் கேட்டவர்கள் சிலர் வந்தார்கள். இரண்டு முடிவும் சரிதான்.

இனி வழியைப் பற்றி. எங்கள் ஊர் அமைதியாக இருந்தாலும் உங்கள் விமானம் வேறு யாரோவின் சண்டைக்கு மேலால் பறக்கிறது. 2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கிய பிறகு அந்தப் பகுதியில் வான்வெளிகள் ஒவ்வொன்றாக மூடின. 23ஆம் திகதி மாலை, கட்டாரில் உள்ள அல் உதெய்த் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டபோது கட்டாரும் சில மணி நேரம் தன் வான்வெளியை மூடியது. லண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோவிலிருந்து நீங்கள் வருவது பெரும்பாலும் டோஹா, டுபாய், அபுதாபி வழியாகத்தானே. சில மணி நேர மூடல், நாட்கணக்கில் குழப்பம். கைக்குழந்தையோடும் சர்க்கரை வருத்தக்காரத் தாயோடும் இடைநிலையத்தில் இரண்டு இரவு என்றால் அதைத் தாங்குவீர்களா என்பதுதான் அப்போது கேள்வி. அதற்கு முந்தைய மாதம் சென்னை வழியாக வருகிறவர்களும் பதறினார்கள். ஏப்ரல் 22 காஷ்மீர் பஹல்காம் கொலைகளுக்குப் பிறகு, மே 3ஆம் திகதி சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானத்தை, சந்தேக நபர் இருக்கலாம் என்ற தகவலில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒருவரும் இருக்கவில்லை. மே 7ஆம் திகதி இந்தியா பாகிஸ்தானுக்குள் தாக்குதல் நடத்திய பின் மூடிய 32 விமான நிலையங்களும் வடக்கிலும் மேற்கிலும் இருந்தவை. சென்னை, திருச்சிக்கு அதனால் ஒன்றுமில்லை. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் சிலர் அண்ணாமலைப் பயணத்தையே நிறுத்தினார்கள். காஷ்மீருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்க்க மறந்தது நாங்கள்தான். அறுகம்பைக்கும் வெள்ளவத்தைக்கும் உள்ள தூரத்தை மறந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தகுதியில்லை.

டிக்கெட் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. ஐரோப்பாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ புறப்படும் விமானம் ரத்தானால், காரணம் போராக இருந்தாலும், தங்க இடமும் சாப்பாடும் மாற்று விமானமும் தரவேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. நட்டஈட்டுக் காசு மட்டும் கிடைக்காமல் போகலாம். திரும்பும் வழியில், கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனத்தின் விமானத்தில் புறப்படும்போது, அந்தச் சட்டம் உங்களோடு வராது. கொழும்புக்கு ஒன்றும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றுமாக மலிவைப் பார்த்துத் தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதலாவது பிந்தினால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. காப்புறுதியில் பார்க்க வேண்டியது இரண்டு. உங்கள் அரசாங்கம் போகவேண்டாம் என்று சொன்ன பிறகு போனால் பெரும்பாலான காப்புறுதிகள் செல்லாது. பிரச்சினை செய்தியாகிவிட்ட பிறகு வாங்கிய காப்புறுதி அந்தப் பிரச்சினைக்குக் காசு தராது. ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்றே காப்புறுதியும் எடுங்கள். போர், கலவரம் என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று தேடி வாசியுங்கள். அது கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

சரி, எங்களிடம் ஒன்றுமே கேட்கக்கூடாதா? கேளுங்கள். எங்களுக்குக் கண்ணால் தெரியக்கூடியதைக் கேளுங்கள். நேற்றிரவு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாண பஸ்கள் எல்லாம் வெளிக்கிட்டனவா, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தன? பள்ளிக்கூடங்கள் நடக்கின்றனவா? பெற்றோல் நிலையத்தில் வரிசை உண்டா? செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடையில் சனம் வழக்கம்போலவா, வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்களா? 2019 ஓகஸ்டில் நல்லூர் வாசலிலும் அப்படிப் பார்த்தார்கள். காலி வீதியில் இராணுவம் நிற்கிறதா, யாருடைய அடையாள அட்டையைக் கேட்கிறார்கள்? கலியாண மண்டபக்காரர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாரா? பக்கத்து முஸ்லிம் கடை திறந்திருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் நாங்கள் பொய்யில்லாமல், ஆசையும் பயமும் கலக்காமல் பதில் சொல்வோம். ஒரு வீட்டில் மட்டும் கேட்காமல் கொட்டாஞ்சேனையில் ஒருவர், வெள்ளவத்தையில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர் என்று கேளுங்கள். கேட்டதைச் சேர்த்து வைத்துப் பார்த்து முடிவை நீங்கள் எடுங்கள்.

அந்த முடிவை உங்கள் மேசையில் எடுக்கும்போது ஒரு சண்டை வரும், தெரியும். 1983 ஜூலை 25ஆம் திகதி இந்தக் காலி வீதியில் எரிந்த கடைகளைப் பார்த்துவிட்டு, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் படுத்து, ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன அப்பாவுக்கு வெள்ளவத்தை என்றால் இன்னும் அந்த ஜூலைதான். அங்கே பிறந்த பிள்ளைக்கு வெள்ளவத்தை என்றால் கடற்கரை, கொத்து ரொட்டி, அக்காவின் சாறித் தெரிவு. இரண்டு பேரும் சொல்வது உண்மை, இரண்டும் இந்த ஆண்டைப் பற்றியது இல்லை. அப்பாவின் பயத்தை “பழைய கதை” என்று தள்ளாதீர்கள். வந்து ஒரு கிழமை நித்திரை இல்லாமல் கிடப்பதென்றால் அவருக்கு அது விடுமுறை ஆகாது. அதேபோல் அவர் பயத்தைக் காட்டி எல்லோரையும் நிறுத்தவும் வேண்டாம். டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் எல்லைக் கோட்டை எழுதி வையுங்கள். உங்கள் அரசாங்கம் ‘அத்தியாவசியமற்ற பயணம் வேண்டாம்’ என்றால் வரமாட்டோம்; கொழும்பில் ஊரடங்கு வந்தால் மிச்ச நாளை விட்டுவிட்டுத் திரும்புவோம்; யாழ்ப்பாண வீதி தடைப்பட்டால் தாய் தகப்பனைக் கொழும்புக்கு எடுப்பித்துப் பார்ப்போம். விமானம் ஏறிய பிறகு, அல்லது நடுச்சாமத்தில் ஒரு காணொளி வந்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால் குரல் பெரியவர் சொல்வதுதான் முடிவாகும். ஊரடங்கு வேளையில் விமான டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் காட்டி விமான நிலையம் போக விடுவார்கள். 2019இலும் 2022இலும் விட்டார்கள். வான்காரர் வருவாரா என்பதுதான் பிரச்சினை. நீர்கொழும்புப் பக்கத்தில் ஓர் இரவு அறை எடுக்கக் காசை ஒதுக்கி வையுங்கள்.

எல்லாம் யோசித்து இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவானால், போர்க்காலத்தில் செய்தது போலச் செய்யலாம். எத்தனை கலியாணங்களைச் சென்னையிலும் திருச்சியிலும் சிங்கப்பூரிலும் வைத்தோம், பேரப்பிள்ளையை முதன்முதல் கோலாலம்பூரில் கண்ட பாட்டிமார் எத்தனை பேர். ஆனால் அதற்கு இங்கிருந்து புறப்படக்கூடிய உடம்பு வேண்டும், விசா வேண்டும். பெரியம்மாவால் இனி முடியாது. ஆகவே வரவில்லை என்றால் அதை அவரிடம் நீங்களே போனில் சொல்லுங்கள், என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். அரசாங்கம் வேண்டாம் என்றது, காப்புறுதி இல்லை என்றெல்லாம் விளக்க வேண்டாம். எந்த மாதம் வருவதாக யோசிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வருவதென்றால் விமான இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள். டோஹாவைத் தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகு நான் அவரிடம் சொல்லுகிறேன்.

அன்புடன்,
உங்கள் உறவுக்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6